மாடியில ஏரியல், மடியில ஓநாயா?

ஏலே தம்பி, இப்படி வந்து உக்காரு. அந்த லேப்டாப்பைச் செத்த மூடு. உன் புராஜெக்ட்டுக்கு என்ன மிருகம்டே?

முழிக்காதே. ஆன்டெனா வரிசை டிசைன் பண்ணப் போறேன்னு சொன்னேல்லா? அப்போ ஒரு மிருகம் வேணுமே. உனக்கு முந்துன செட்டுல ஒருத்தன் திமிங்கலத்தைக் கொண்டாந்தான். ஒருத்தி மின்மினிப்பூச்சி. நீ என்னது? சாம்பல் ஓநாயா? நல்லது. தடுப்பூசி போட்டுக்கிட்டியா?

கோவிச்சுக்காதே. மிருகம் பேரு வச்ச அல்காரிதத்துல கெழவனுக்கு என்ன சோலின்னு நினைக்க. ஏலே, நான் ஏரியல் மாட்டுனவன். தூத்துக்குடிப் பக்கம் வீடு வீடா மாடி ஏறிக் கம்பம் நட்டவன். 1982-ல இலங்கையில ரூபவாஹினி தொடங்குனாவ. கொடைக்கானல்ல டவர் வாறதுக்கு முந்தி, இந்தக் கடற்கரைக்காரனுக்கு டி.வி.ன்னா அதுதான். கடலுக்கு அங்கன இருந்து வாறதை இங்கன புடிக்கணும். கம்பம் உசரமா இருக்கணும், மூஞ்சி சரியான திக்குல இருக்கணும். மேல நின்னு நான் திருப்புவேன். கீழ இருந்து ஒரு பொடியன் கத்துவான். "தெரியுதா?" "புள்ளி புள்ளியா வருது!" "இப்போ?" "போச்சு, போச்சு!" "இப்போ?" "ஆளு தெரியுது அண்ணாச்சி, அப்படியே நிறுத்துங்க!"

உன் பாசையில இதுக்குப் பேரு ஆப்டிமைசேசன். எனக்குக் கூலி அஞ்சு ரூவா, ஒரு காப்பி.

இதுல ஒரு சூட்சுமம் உண்டு, கேட்டுக்கோ. ஏரியல் நேரா ஒரு திக்கை மட்டும் பாக்காது. முன்னால ஒரு பெரிய கதிர், பக்கவாட்டுல ரெண்டு மூணு குட்டிக் கதிர். உன் புத்தகத்துல மெயின் லோப், சைடு லோப்னு போட்டிருப்பாவ. அவசரக்காரன் கம்பத்தைத் திருப்பும்போது, குட்டிக் கதிர்ல லேசாப் படம் தெரியும். பொடியன் "வந்துட்டு!"ன்னு கத்துவான். இவனும் போல்ட்டை இறுக்கிட்டு இறங்கிருவான். இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தா கண்ணாடி மாதிரிப் படம். ஆனா நடுவுல ஒரு இடத்துல படம் சுத்தமாப் போயிரும், அதைத் தாண்டித் திருப்ப மனசு வராது. 'லோக்கல் ஆப்டிமம்'னு எட்டு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கேல்லா, அந்தச் சங்கதி இம்புட்டுத்தான். மாட்டிக்கிட்டவன் தப்பிக்கதுக்கு என்ன வழி? கையை உதறிட்டு, ஒரேயடியா வேற திக்குக்குத் திருப்பி, அங்கன இருந்து மறுபடியும் தேடணும். இதுக்கு ஓநாய் எதுக்குடே?

சரி, அந்தக் கம்பத்துல இருந்த ஏரியல் யாரு கண்டுபிடிச்சது, தெரியுமா? ஜப்பான்ல செண்டாய்னு ஒரு ஊரு. அங்க தொகோகு பல்கலைக்கழகத்துல உடான்னு ஒருத்தர், அவருக்கு மேல யாகின்னு ஒரு பேராசிரியர். 1926-ல எழுதி வெளியிட்டாவ. மெனக்கெட்டவரு உடா. ஆனா ஊரு பூராவும் யாகி ஆன்டெனான்னே சொல்லுதாவ. அப்பவே அப்படித்தான், பேருதான் பெருசு. இன்னொரு கூத்தும் உண்டு. 1942-ல ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் புடிச்சான். அங்க வெள்ளைக்காரனோட ரேடார் குறிப்பேட்டுல 'யாகி'ன்னு ஒரு சொல்லு. என்னன்னு புரியாம, புடிபட்ட வெள்ளைக்காரனையே கூப்பிட்டு விசாரிச்சாவளாம். அவன் சொன்னான், "அது உங்க ஊரு ஆளு பேருதான்." சொந்த வீட்டுச் சாமானை அடுத்தவன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டாவ. இந்த வியாதி நமக்கும் இருக்கு, ஆனா அது வேற பேச்சு.

இப்போ உன் வரிசைக்கு வருவோம். ஒரு கம்பிக்குப் பதிலா இருபது கம்பி. ஒவ்வொண்ணும் அலை விடுது. குளத்துல ரெண்டு கல்லை ஒண்ணா எறிஞ்சு பாத்திருக்கேல்லா? ரெண்டு வட்டமும் மேட்டோட மேடு சேந்தா தண்ணி எகிறும். மேட்டோட பள்ளம் சேந்தா தண்ணி அசையாது. வரிசைங்கது அம்புட்டுத்தான். வேணுங்குற திக்குல எல்லா அலையும் மேட்டோட மேடு சேரணும், வேண்டாத திக்குல ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கணும். கம்பிக்குக் கம்பி எம்புட்டு இடைவெளி, எதுக்கு எம்புட்டு கரண்டு, எது முந்தி எது பிந்தி. இந்த மூணுதான் உன் கையில உள்ள திருகாணி.

எல்லாக் கம்பிக்கும் ஒரே அளவு கரண்டு கொடுத்தா என்ன ஆகும்? பெரிய கதிருக்குப் பக்கத்துல உள்ள மொத குட்டிக் கதிரு சுமார் 13 டெசிபெல் கீழ நிக்கும். பவர்ல சொன்னா இருபதுல ஒரு பங்கு. அது கொள்ளையில்லையா? ரேடார்ல அம்புட்டு இருந்தா, பக்கத்துல உள்ள குன்றையும் கட்டடத்தையும் எதிர்ல வாற விமானம்னு நினைச்சுக்கிடும். அதனால அதை அமுக்கணும். நடுக்கம்பிகளுக்குக் கூடக் கொடு, ஓரத்துக்குக் குறைச்சுக் கொடு. குட்டிக் கதிர் அமுங்கும். ஆனா பெரிய கதிர் தடிச்சுப் போகும். ஒண்ணைக் கொடுத்துத்தான் ஒண்ணை வாங்கணும்.

எவ்வளவு கொடுத்தா எவ்வளவு கிடைக்கும்? இந்தப் பேரத்தை 1946-லயே முடிச்சு வச்சுட்டாரு டால்ஃப்னு ஒரு அமெரிக்கக்காரரு. அதுக்கு அவரு எடுத்தது செபிஷேவோட பல்லுறுப்புக்கோவை. செபிஷேவ் 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யக்காரரு. நீராவி எஞ்சின்ல கம்பியும் மூட்டும் நேர்கோட்டுல அசையணுமேங்குற கவலையில, 1854-ல அவரு போட்ட கணக்கு அது. ஆன்டெனான்னு ஒரு சாமான் பொறக்கதுக்கு முந்தியே. அதை வச்சு டால்ஃப் நிரூபிச்சுட்டாரு: கம்பிகள் சம இடைவெளியில, அரை அலைநீளமோ அதுக்கு மேலயோ தள்ளி நின்னா, நீ கேக்குற அளவுக்குக் குட்டிக் கதிரை அமுக்கி, அதுக்குள்ள பெரிய கதிரை எம்புட்டு ஒல்லியாக்க முடியுமோ அம்புட்டு ஒல்லியாக்குறது இந்தக் கரண்டுப் பங்கீடுதான். இதைவிட நல்லது கெடையாது. பாத்துக்கோ, 'இதுவரைக்கும் கண்டதுல நல்லது'ன்னு அவரு சொல்லல. கெடையவே கெடையாதுன்னு சொல்லுதாரு.

இப்போ சொல்லு. உன் ஓநாய் என்ன தேடப் போவுது? இருபது கம்பி, சம இடைவெளி, குட்டிக் கதிர் இறங்கணும். இதானே? ராத்திரி பூரா லேப்டாப்பு காத்தாடியைச் சுத்தவிட்டு, ஐம்பதாயிரம் தடவை கணக்குப் போட்டு, கடைசியில டால்ஃபுக்குப் பக்கத்துல வந்து மூச்சு வாங்கும். நீ அதை வரைபடமாப் போட்டு, "முன்மொழியப்பட்ட ஓநாய் முறை மிகச் சிறந்தது"ன்னு எழுதுவ. யாரைவிடச் சிறந்தது? போன வருசத் திமிங்கலத்தைவிட. அட ஆக்கங்கெட்ட பயலே, பந்தயத்துல டால்ஃபை ஓடவிட்டியா? அவரைத் திண்ணையில உக்கார வச்சுட்டுத்தானே ஓட்டம் நடத்துன?

இன்னும் ஒண்ணு. 1997-ல லெப்ரே, பாய்ட்னு ரெண்டு பேரு சொன்னாவ: கம்பிகளை நகத்தாம கரண்டை மட்டும் திருகுற கணக்குல கொள்ளை வகை, குவிவு ஆப்டிமைசேசன்ல நேரா முடியும். கெடைக்கிற பதில்தான் ஆகக் கடைசி நல்ல பதில்னு உத்தரவாதமும் உண்டு. மிருகம் உத்தரவாதம் கொடுக்குமா? கொடுக்காது. முப்பது தடவை ஓட்டிப் பாத்து, அதுல நல்லா வந்த ஒண்ணை எடுத்துக் காட்டுவ. மீதி இருபத்தொம்போது எங்கடே போச்சு?

அதுக்காக, தேடுற வேலையே கூடாதுன்னு நான் சொல்லல. அவசரப்படாதே. தேடித்தான் ஆகணும்னு சில கணக்கு உண்டு. 1994-ல ஹாப்ட்னு ஒருத்தர் 200 கம்பி வரிசையை எடுத்தாரு. எல்லாத்துக்கும் கரண்டு கொடுக்கணுமா, சிலதை அணைச்சுட்டா குட்டிக் கதிர் இறங்குதான்னு கேட்டாரு. எதை அணைக்கது? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு வச்சுக்கிட்டாக்கூட 100 சுவிட்சு. ஒவ்வொண்ணும் போடு, இல்ல அணை. மொத்தம் எத்தனை வழி தெரியுமா? 1 போட்டு, பக்கத்துல 30 சைபர் போடு, அதுக்கும் மேல. எல்லாத்தையும் பாத்து முடிக்க உன் பேரன் பேரனுக்கும் ஆயுசு காணாது. டால்ஃப் கணக்கும் இதுக்கு ஒத்துவராது. இங்கனதான் ஹாப்ட் மரபணு அல்காரிதத்தைக் கொண்டாந்தாரு. மிச்சிகன்ல ஹாலண்ட் 1975-ல புத்தகமாப் போட்ட முறை. 1-ம் 0-வுமா ஒரு சரம் எழுது. நல்ல சரம் ரெண்டை வெட்டி ஒட்டு. எங்கயாவது ஒரு எழுத்தை மாத்து. கெட்டதைக் கழிச்சுக் கட்டு. அப்படியே பல தலைமுறை ஓட்டு. குட்டிக் கதிர் 20 டெசிபெல்லுக்குக் கீழ இறங்குச்சு. தேவை இருந்துச்சு, தேடுனாரு, கெடைச்சுச்சு. அவரை நான் கும்பிடுதேன்.

இன்னொண்ணு சொல்லுதேன், இது வரிசை இல்ல, ஒத்தை ஆன்டெனா. ஆனா சொல்லாம விட முடியாது. நாசாக்காரன் எஸ்.டி.5-ன்னு மூணு குட்டிச் செயற்கைக்கோள் செஞ்சான். ஒண்ணு 25 கிலோ. அதுல ஏத்துற ஆன்டெனாவை ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துல லோன், ஹார்ன்பி, லிண்டன்னு மூணு பேரு கூடி, கம்பியூட்டர்லயே பரிணாமம் நடத்தி வளத்தாவ. வந்து நின்னது என்ன? பேப்பர் கிளிப்பைப் பல்லால கடிச்சுத் துப்புன மாதிரி ஒரு கோணக் கம்பி. எந்த இஞ்சினியரும் அதை வரைஞ்சு மேசையில வச்சிருக்க மாட்டான், வச்சா வேலை போயிரும். ஆனா விண்கலத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணு மாட்டி அளந்தா, வழக்கமான சுருள் ஆன்டெனா ரெண்டுக்கு 38 சதவீதம் திறன், இந்தக் கோணக் கம்பி ரெண்டுக்கு 93 சதவீதம். நடுவுல சுத்துப்பாதையையே மாத்திட்டாவ. பழைய கம்பி உதவாம போச்சு. மறுபடியும் ஓட்டுனாவ, சில வாரத்துல அடுத்த கம்பி வந்துட்டு. 2006 மார்ச் 22-ல மேல போச்சு.

கவனிச்சியா? அதுக்கு அவிய சிங்கம் புலின்னு பேரு வைக்கல. செஞ்சாவ, அளந்தாவ, பறக்க விட்டாவ.

இப்போ மிருகக்காட்சி சாலைக்கு வருவோம். பேத்தி காலேஜ்ல பாடம் எடுக்கா, அவதான் எனக்கு வாசிச்சுக் காட்டுவா. நான் வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேப்பேன். மொத ரெண்டு மூணு பேரை நான் குறை சொல்ல மாட்டேன். 1992-ல டோரிகோ எறும்பைப் பாத்தாரு. எறும்பு போற வழியில வாசனையை விட்டுட்டுப் போவுது, குட்டை வழியில வாசனை கனக்குது, அடுத்த எறும்பு அதைப் புடிச்சு வருது. அதுல நிசமாவே ஒரு புது யோசனை இருந்துச்சு. 1995-ல கென்னடி, எபர்ஹார்ட்டுன்னு ரெண்டு பேரு. ஒருத்தர் சமூக உளவியல்காரரு, இன்னொருத்தர் மின்பொறியாளரு. பறவைக் கூட்டம் எப்படி ஒண்ணாத் திரும்புதுன்னு பாத்துக்கிட்டிருந்தாவ. ஒவ்வொருத்தனும் தான் கண்ட நல்ல இடத்தை நினைவு வச்சுக்கிடணும், கூட்டம் கண்ட நல்ல இடத்தையும் ஒரு கண்ணால பாத்துக்கிடணும், வந்த வேகத்துலயே கொஞ்சம் போகணும். மூணே சங்கதி. அது வேலை செஞ்சுச்சு. ஆன்டெனாக்காரன் பிரியமா எடுத்துக்கிட்டான். அதே 1995-ல ஸ்டோர்ன், பிரைஸ்னு ரெண்டு பேரு ஒரு முறை சொன்னாவ. ரெண்டு பதிலைக் கழி, அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் சுருக்கி மூணாவது பதில்ல கூட்டு, நல்லா இருந்தா வச்சுக்கோ. மிருகமே கெடையாது. வெறும் கூட்டல் கழித்தல். இன்னைக்கும் ஆன்டெனா வேலையில அது நல்லா நிக்கி.

அதுக்குப் பொறவுதான் கதவு தொறந்துக்கிட்டு. பூனை வந்துச்சு. களை வந்துச்சு. மின்மினி, குயிலு, வௌவாலு, கிரில்லுன்னு இறாலு மாதிரி ஒண்ணு, யானை மந்தை, கோழிக் கூட்டம், திமிங்கலம், தும்பி, பருந்து. கருந்துளையையும் விடல. 2020-ல ஊரு உலகமே மூக்கை மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள கெடந்துச்சு, அப்பவும் ஒருத்தன் சும்மா இருக்கல. கொரோனா பேர்லயே ஒரு அல்காரிதம் வந்துட்டு! கேம்பலோ, அரன்யான்னு ரெண்டு பேரு இந்தப் பிராணிகளுக்குன்னே ஒரு பட்டியல் வச்சு நடத்துதாவ. கிண்டலுக்குத்தான். ஆனா பட்டியலு நீண்டுக்கிட்டே போவுது.

களையைச் சொன்னேன்லா, அது நிசம். ஈரான்ல 2006-ல செஞ்சாவ. களை எப்படிப் பரவுதோ அப்படிப் பதிலைத் தேடணுமாம். அதை ஆன்டெனாவுக்கும் எடுத்துட்டு வந்துட்டாவ. நாங்க களை பறிக்க ஆளுக்குக் கூலி கொடுத்துக் கொடுத்துத் தேஞ்சோம். இவிய களையை வளத்துப் பட்டம் வாங்குதாவ. காலம்டே.

வௌவாலுக் கதை இன்னும் சோக்கு. 2010-ல வந்துச்சு. வௌவாலு ஒலியை விட்டு, எதிரொலியைக் கேட்டு இரையைப் புடிக்குதுல்லா, அந்தக் கணக்காம். பேத்தி வாசிச்சதும் நான் கேட்டேன், எந்த வௌவாலு தாயி? நம்ம ஆலமரத்துல தலைகீழாத் தொங்குற பெரிய பழந்தின்னி வௌவாலு அந்த வித்தையே பண்ணாது. கண்ணால பாக்கும், மூக்கால மோந்து பழத்தைத் தேடும். பூச்சி தின்னுற சின்ன வௌவாலுதான் ஒலி விடும். அது சரி, ரெண்டுல எதுவா இருந்தா என்ன? கணக்குக்குள்ள போய்ப் பாத்தா வௌவாலே இல்ல. பறவைக் கூட்டத்தோட சூத்திரம்தான் றெக்கை மாத்திப் பறக்குது. பழைய கள்ளு, புது மொந்தை.

உன் ஓநாய்க்கு வாறேன். ஓடிராதே. 2014-ல வந்தது அது. கூட்டத்துல ஆல்பா, பீட்டா, டெல்டான்னு மூணு தலைவனாம். மத்த ஓநாய் எல்லாம் இந்த மூணு பேரும் இழுக்குற இழுப்புக்குச் சராசரி போட்டு நகரணுமாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓநாயைக் காட்டுல வருசக்கணக்காப் பாத்தவரு மெக்குன்னு ஒருத்தர். 1970-ல ஓநாயைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதுனவரு அவருதான், ஆல்பாங்குற பேச்சை ஊருக்குள்ள பரப்புனதும் அந்தப் புத்தகம்தான். அவரே 1999-ல திருத்திட்டாரு. அடைச்சு வச்ச ஓநாய்களைப் பாத்துச் சொன்ன கதை அது, காட்டு ஓநாய்க் கூட்டம்ங்கது ஒரு குடும்பம், தலைவன்னு நீங்க சொல்லுதது அப்பனும் ஆத்தாளும்தான்னு எழுதிட்டாரு. 1999-ல. பதினஞ்சு வருசம் கழிச்சு இவிய ஆல்பாவைத் தூக்கிக்கிட்டு வாறாவ. குட்டி ஓநாய் அப்பன் பின்னால நடக்குததுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?

அது போவுது, பேருல தப்பு இருந்தா சோறு வேகாம போயிருமா? போகாது. ஆனா கணக்குலயே ஒரு கோளாறு இருக்கு. 2019-ல அதைப் பரிசோதிச்சவிய சொல்லுதாவ. சரியான பதில் சைபர்ல இருக்குற கணக்குன்னா உன் ஓநாய் பாய்ஞ்சு போய்ப் புடிக்கும். அதே கணக்கை எடுத்து, பதிலைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டா தடுமாறுது. ஏன்னா சூத்திரமே சைபர் பக்கமா இழுக்குற மாதிரி அமைஞ்சு கெடக்கு. பரீட்சைக்கு வைக்குற கணக்குகள்ல கொள்ளைக்குப் பதில் சைபர்லதான் இருக்கும். அப்போ அது ஜெயிச்சது மோப்பத்துலயா, இல்ல வீட்டு வழி பழகுனதுலயா? உன் ஆன்டெனாவுல சரியான இடைவெளி சைபர்லயா இருக்கு? இடைவெளி சைபர்னா எல்லாக் கம்பியும் ஒண்ணு மேல ஒண்ணுல்லா கெடக்கும், வெளங்காத பயலே!

இதையெல்லாம் நான் மட்டும் சொல்லல. சோரென்சன்னு ஒருத்தர் 2015-ல உவமைச் சட்டையை உரிச்சு ஒரு கட்டுரை எழுதுனாரு. எறும்பைக் கொண்டாந்த அதே டோரிகோ இருக்காரே, அவரே கமாச்சோ-வில்லாலோன், ஸ்டூட்ஸ்லேன்னு ரெண்டு பேரோட சேந்து உக்காந்தாரு. குயிலை உரிச்சுப் பாத்தாவ, உள்ள 1960-கள்ல பெர்லின்ல செஞ்ச பழைய பரிணாமத் தந்திரம். அப்புறம் ஓநாய், அந்துப்பூச்சி, திமிங்கலம், மின்மினி, வௌவாலு, எறும்புத்தின்னிப் பூச்சின்னு ஆறையும் வரிசையா நிறுத்தி, புதுசுன்னு சொல்ல இதுல ஒண்ணுமில்ல, ஆளை ஏமாத்துற முறைன்னு தலைப்புலயே போட்டுட்டாவ. கூட்டத்துக்குள்ள இருந்து ஒருத்தன் எந்திரிச்சுச் சொன்னா அதுக்கு மதிப்பு தனிதான்.

நம்ம நாட்டுல சூரத்துல ராவ்னு ஒரு பேராசிரியர். மொதல்ல வாத்தியாரும் மாணவனும் படிக்குற மாதிரி ஒரு முறை செஞ்சவரு. 2020-ல அவருக்கும் அலுத்துப் போச்சு போல. உவமையே வேண்டாம், எளிய சூத்திரம் போதும்னு மூணு முறை வெளியிட்டாரு. நான் கையைத் தட்டுனேன். பேரு என்ன தாயின்னு கேட்டேன். 'ராவ் அல்காரிதம்'னா. மிருகம் வேண்டாம்னு முடிவு பண்ணுன மனுசன் தன் பேரையே வச்சுட்டாரு! ஆனாலும் ஓநாய்க்கு அவரு தேவலாம். அவரைக் கூப்பிட்டா வந்து பதில் சொல்லுவாருல்லா.

ஏன்டே இப்படி ஆச்சுன்னு கேக்கியா? கேக்கணும். பட்டம் வாங்கக் கட்டுரை வேணும். கட்டுரைக்குப் புதுசு வேணும். ஆன்டெனா செஞ்சு, எதிரொலி இல்லாத அறையில நிறுத்தி அளக்க காசு வேணும், காலம் வேணும். ஓநாய்க்கு ஒரு லேப்டாப் போதும். ஓநாயும் ஆன்டெனாவும் சேந்தா ஒரு கட்டுரை. திமிங்கலமும் ஆன்டெனாவும் சேந்தா இன்னொண்ணு. ஓநாயும் திமிங்கலமும் கலப்பினம் பண்ணுனா மூணாவது. கலப்பினம்னதும் நான் வெத்தலையைத் துப்பிட்டேன். ஓநாய்க்கும் திமிங்கலத்துக்கும் சம்பந்தம் பேசுனது எந்தத் தரகன்டே?

பையனைக் குத்தம் சொல்லியும் பிரயோசனம் இல்ல. அப்படிக் கட்டுரையை வாங்கிப் போடுதவன் இருக்கான், எண்ணிக்கை பாத்து மார்க்கு போடுதவன் இருக்கான். சந்தையில விக்குதுன்னா ஓணானுக்கும் சாயம் பூசுவான்.

நான் சொல்லுத அளவுகோலு ஒண்ணுதான். கம்பி என்ன சொல்லுதுன்னு பாரு. உன் கட்டுரைல என்ன செய்ய? ஒவ்வொரு கம்பியும் தனியா, பக்கத்துக் கம்பியைக் கண்டுக்காம நிக்குன்னு வச்சுக்கிட்டுக் கணக்குப் போடுத. அரே ஃபேக்டர்னு ஒரு சூத்திரத்தை எழுதிட்டுக் கையைக் கழுவிருத. நான் மாட்டுன யாகியில என்ன நடக்கு தெரியுமா? ஒயரு போறது ஒரே கம்பிக்குத்தான். பின்னால உள்ள நீளக் கம்பிக்கும், முன்னால உள்ள குட்டைக் கம்பிகளுக்கும் ஒயரே கெடையாது. பக்கத்துக் கம்பியில ஓடுற கரண்டு இதுல கரண்டைத் தூண்டுது. அதனாலதான் ஏரியல் ஒரு பக்கமாப் பாக்குது. பக்கத்துக் கம்பிகளோட பேச்சுதான் அதுக்கு மூச்சே. அந்தப் பேச்சையே கணக்குல இருந்து தூக்கிட்டு, 60 டெசிபெல் இறக்கிட்டேன்னு வரைபடம் போடுதியே, அது காகிதத்துல இறங்கும்டே. பட்டறையில கம்பி ஒரு நூலு கூடக் குறைய வெட்டுப்படும். அலையை முந்திப் பிந்தி விடுற கருவி கொஞ்சம் டிகிரி தவறும். அந்தத் தவறலே உன் அறுபதைத் தின்னுரும்.

ஊட்டிக்குப் போயிருக்கியா? படகு விட்டுட்டு வந்திருப்ப. முத்தோரைக்குப் போகலையே? அங்க மலைச் சரிவுல 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துல ஒரு ரேடியோ தொலைநோக்கி நிக்கி. டாடா ஆராய்ச்சி நிறுவனத்துல கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டி 1970-ல முடிச்சாவ. அதுவும் வரிசைதான், 1056 இருமுனைக் கம்பி. அவிய செஞ்ச முதல் ஆப்டிமைசேசன் என்ன தெரியுமா? மலை தேடுனாவ. ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்க சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுல, வடக்கு தெற்கா ஒரு மலை வேணும்னு தேடிப் புடிச்சாவ. அப்படி வச்சா தொலைநோக்கியோட அச்சும் பூமியோட அச்சும் ஒரே திக்குல நிக்கும். பூமி சுத்தச் சுத்த, ஒரே அச்சுல திருப்பிக்கிட்டே வானத்துல ஒரு புள்ளியை ஒன்பதரை மணி நேரம் விடாமப் பாக்கலாம். வடக்கு தெற்கா பாக்கணுமா? கம்பிகளோட அலையை முந்திப் பிந்தி விட்டாப் போதும். பாதிக் கணக்கை மலை பாத்துக்கிட்டு. அங்க ஓநாய் இல்ல. காட்டெருமைதான் வரும்.

சரி, உன் மூஞ்சி வாடிப் போச்சு. ஓநாயைத் தூக்கிப் போடுன்னு சொல்ல மாட்டேன். வழிகாட்டி ஆசிரியரு கையெழுத்துப் போடணும், எனக்கும் தெரியும். வச்சுக்கோ. ஆனா அட்டவணையில மொத வரியில டால்ஃபைப் போடு. ரெண்டாவது வரியில, எந்தச் சூத்திரமும் இல்லாம குருட்டாம்போக்குல அதே எண்ணிக்கை தடவை தேடுன கணக்கைப் போடு. மூணாவதா ஸ்டோர்ன், பிரைஸ் முறை. நாலாவது வரியில உன் ஓநாயை நிறுத்து, முப்பது தடவை ஓடுனதையும் காட்டு. கம்பிகள் ஒண்ணோட ஒண்ணு பேசுததையும் சேத்துக் கணக்குப் போடு. முடிஞ்சா எட்டு கம்பியாவது வெட்டி, நிசமா அளந்து பாரு. கம்பி வெட்ட ரம்பம் என்கிட்ட இருக்கு, வந்து எடுத்துட்டுப் போ. நாலாவது வரி மொத வரியை முந்துச்சுன்னா எனக்குப் போன் போடு, மாடி ஏறி நானே மாட்டித் தாறேன்.